ஒரே மேசைக்கு ஓர் அப்பம்

குடும்பம் என்பது ஒரே கூரையின்கீழ் உறங்குவதால் மட்டும் ஆகிவிடுவதில்லை. ஒரே மேசையில் அமர்ந்து, ஒரே உணவைப் பகிர்ந்து உண்ணும்போதுதான் அது குடும்பமாகிறது. ஆனால் இன்று நம் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் எத்தனை இல்லங்களில் இந்தப் பகிர்வு நிகழ்கிறது? தாத்தாவுக்குச் சர்க்கரை நோய். சோறும் ரொட்டியும் அளந்துதான் கிடைக்கும். பேரனுக்குக் கோதுமை ஒவ்வாது. சப்பாத்தியைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. தாய்க்கோ ஒரே வேளைக்கு மூன்று விதமாகச் சமைத்துக் கைகள் சோர்ந்துபோகின்றன. உண்ணும் இடம் ஒன்றாயினும் உண்பது வெவ்வேறாகிவிடுகிறது.

இத்தகைய இல்லத்தில் எல்லாரும் பிட்டு உண்ணத்தக்க ஓர் அப்பத்தைச் செய்ய இயலுமா? இயலும் என்பதே நம் விடை. அதற்கான வழியைக் கடல் கடந்த ஓர் ஏழை நாட்டின் அடுப்பங்கரையிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

ஏழைகளின் ரொட்டி

அயர்லாந்து ஈரமும் குளிரும் மிகுந்த நாடு. அங்கு விளையும் கோதுமை மென்மையான வகையைச் சேர்ந்தது. மாவைப் பிசையும்போது இழுபடும் தன்மையைத் தருகின்ற ‘குளூட்டன்’ என்னும் புரதம் அதில் குறைவு. எனவே ஈஸ்ட் சேர்த்துப் பொங்கவைக்கும் ரொட்டிக்கு அது அவ்வளவாகப் பொருந்தவில்லை. 1830களில் சமையல் சோடா அந்நாட்டு இல்லங்களை எட்டியபோது ஒரு புது வழி பிறந்தது. மாவு, உப்பு, சோடா, புளித்த மோர் ஆகிய நான்கே பொருள்கள்! வெண்ணெய் கடைந்த வீட்டில் மோருக்குப் பஞ்சமில்லை. மோரிலுள்ள புளிப்பு சோடாவுடன் சேர்ந்ததும் கரியமிலவாயு குமிழ்குமிழாகக் கிளம்பி மாவை உப்பச் செய்யும். இரவெல்லாம் புளிக்கவைக்கத் தேவையில்லை. நெடுநேரம் பிசையவும் தேவையில்லை. அரைமணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பொழுதில் ரொட்டி ஆயத்தமாகிவிடும்.

அந்த எளிய மக்களிடம் சூளையடுப்பு இல்லை. கனத்த இரும்புச் சட்டியில் மாவு உருண்டையை வைத்து, மூடியின்மேலும் தணலைப் பரப்பி, மேலும் கீழுமாக வெப்பம் கொடுத்துச் சுட்டார்கள். மின்சார அடுப்பு வருமுன்னர் நம் தாய்மார் சிலர் கிறிஸ்துமஸ் கேக்கைச் சட்டியில் வைத்து, மேல்மூடியில் தணலிட்டுச் சுட்டதும் இம்முறையில்தானே! வேகவைக்குமுன் அவர்கள் ரொட்டியின் மேற்புறத்தில் கத்தியால் சிலுவை அடையாளம் கீறுவது வழக்கம். தடித்த நடுப்பகுதிக்குள் வெப்பம் புகவும், வெந்தபின் நான்காகப் பிட்டுப் பகிரவும் அக்கீறல் உதவும். பக்தியும் பயனும் ஒரே கோட்டில் சந்தித்தன என்று சொல்லலாம்.

அயர்லாந்து நம் சென்னைத் திருச்சபைக்கு அந்நிய நாடன்று. 1830களில் சென்னை மறைப்பரப்பின் ஆயர் பொறுப்பை ஏற்ற டேனியல் ஓ’கானர் அந்நாட்டவர்; அவருக்குப்பின் வந்த பென்னலி சகோதரர்களும் அந்நாட்டவரே. நானோ நேகல் அம்மையார் 1775ஆம் ஆண்டில் கார்க் நகரில் தொடங்கிய காணிக்கை அன்னை சபையின் கன்னியர் 1842ஆம் ஆண்டில் சென்னையில் வந்திறங்கி, பெண் கல்விக்கு விளக்கேற்றினர். பூவிருந்தவல்லியிலோ ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் ஐரோப்பியப் படைவீரர்களுக்கான முகாம் ஒன்று இருந்தது.

இன்னோர் ஒற்றுமையும் உண்டு. சமையல் சோடாவுக்கு நம் மளிகைக் கடைகளில் வழங்கும் பெயர் என்ன? ஆப்பச்சோடா! அயர்லாந்தின் ரொட்டியை உப்பச் செய்த அதே வெண்பொடிதான் நம் ஆப்பத்தையும் மென்மையாக்குகிறது. ஆகவே பொருளும் நம்முடையது, மோரும் நம்முடையது. மாற்றவேண்டியது மாவு ஒன்றே.

கோதுமை ஏற்காத குடல்

கோதுமை, வாற்கோதுமை, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் குளூட்டன் வகைப் புரதம் உண்டு. பெரும்பாலோருக்கு அதனால் யாதொரு தீங்கும் இல்லை. ஆயின் சிலருடைய உடல் அப்புரதத்தைப் பகைவனாகக் கருதிப் போர் தொடுக்கிறது. அப்போரில் புண்படுவது சிறுகுடலின் உட்சுவரே. உணவின் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல்போன்ற பகுதிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. எவ்வளவு உண்டாலும் உடலில் ஒட்டாது. குழந்தை வளராமல் குன்றும், வயிறு உப்பும், கழிச்சல் விடாது, மருந்துக்கும் மசியாத இரத்தசோகை தோன்றும். இதுவே ‘சீலியாக்’ நோய்.

1888ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ இந்நோயைத் தெளிவாக விவரித்து எழுதினார். ஆயினும் காரணம் கோதுமையே என்பதை நிலைநாட்டியவர் டிக்கெ என்னும் டச்சுக் குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944–45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், நெதர்லாந்து பெரும் பஞ்சத்தில் சிக்கியது. ரொட்டி கிடைக்கவில்லை. நாடே நலிந்திருந்தபோது, இந்நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறினர்; மீண்டும் ரொட்டி வந்ததும் மீண்டும் நோயுற்றனர். பல்லாண்டுகளாகத் தாம் கொண்டிருந்த ஐயத்துக்கு இது வலுவூட்டவே, அவர் ஆராய்ந்து 1950ஆம் ஆண்டில் தம் முடிவுகளை ஆய்வேடாக வெளியிட்டார். இன்றளவும் இந்நோய்க்கு மருந்து உணவுக் கட்டுப்பாடே. குளூட்டனை வாழ்நாள் முழுவதும் முற்றிலுமாக விலக்கினால் குடல் ஆறிவிடும்.

தமிழகத்தில் இந்நோய் அரிது. 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வு, வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா என மூன்று பகுதிகளில் சுமார் 23,000 பேரைச் சோதித்தது. தெற்கே ஆய்வு நிகழ்ந்த இடம் வேலூர். நோய்க்கு அடையாளமான எதிர்ப்பொருள் வடக்கில் நூற்றுக்கு 1.23 பேரிடமும், தெற்கில் ஆயிரத்துக்கு ஒருவரிடமும் காணப்பட்டது. வியப்பென்னவெனில், நோய்க்கு இடந்தரும் மரபணு எல்லாப் பகுதியினரிடத்தும் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் இருந்தது. வேறுபட்டது உண்ணும் கோதுமையின் அளவே. சோறும் இட்லியும் நம்மைக் காத்து வந்துள்ளன போலும்!

ஆயினும் நம் மேற்குப் புறநகரில் நிலைமை சற்று வேறு. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் பாதுகாப்புத் துறை நிறுவனங்களும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் இந்தியாவின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்களை இங்குக் கொணர்ந்து குடியேற்றியுள்ளன. நம் ஞாயிறு திருப்பலிகளில் வடபுலத்துக் குடும்பங்களும் நம்மோடு முழந்தாட்படியிடுகின்றன. நம் இல்லங்களிலும் இரவு உணவாகச் சப்பாத்தியும் பரோட்டாவும் இடம்பிடித்துவிட்டன. எனவே, ‘இது வடநாட்டார் நோய்’ என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

இருவேறு விலக்குகள்

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். ‘குளூட்டன் அற்றது’ என்பது வேறு. ‘மாவுச்சத்துக் குறைந்தது’ என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் பலர் இடர்ப்படுகின்றனர்.

அரிசியிலும், கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு முதலிய சிறுதானியங்களிலும் குளூட்டன் இல்லை. ஆகவே சீலியாக் நோயாளிக்கு அவை உகந்தவை. ஆனால் அவற்றில் நூறு கிராமுக்கு அறுபது, எழுபது கிராம் அளவுக்கு மாவுச்சத்து உண்டு. நார்ச்சத்து மிகுதி என்பதால் சிறுதானியம் நன்றுதான். எனினும், ‘கேழ்வரகுக் களி எவ்வளவு உண்டாலும் சர்க்கரை ஏறாது’ என்று எண்ணும் பெரியவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார்.

மறுபுறம், ‘மாவுச்சத்துக் குறைந்த ரொட்டி’ என்று கடையில் விற்கப்படுபவற்றுள் சில, கோதுமையிலிருந்து பிரித்தெடுத்த குளூட்டனையே மிகுதியாகச் சேர்த்துச் செய்யப்படுபவை. தாத்தாவுக்கு நன்மையென வாங்கிய அந்த ரொட்டி, பேரனுக்கு நஞ்சாக முடியும்! ஆகவே ஒரே மேசைக்கு ஓர் அப்பம் வேண்டுமாயின், இரண்டு விலக்குகளையும் ஒருங்கே காக்கும் மாவைத் தேடவேண்டும். தானியங்களை விட்டுப் பருப்பு, கொட்டை, வித்து வகைகளுக்குச் செல்வதே வழி.

2023ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் சர்க்கரை நோயுற்றிருப்பதாக மதிப்பிட்டது. எனவே நம் முயற்சி ஓரிரு குடும்பங்களுக்கு மட்டும் உரியதன்று.

செய்முறை

வேண்டிய பொருள்கள்: பாதாம் பருப்புப் பொடி 200 கிராம்; தேங்காய் மாவு 30 கிராம்; ஆளிவிதைப் பொடி 30 கிராம்; இசப்கோல் உமி 15 கிராம்; ஆப்பச்சோடா முக்கால் தேக்கரண்டி; உப்பு அரைத் தேக்கரண்டி; சீரகம் ஒரு தேக்கரண்டி; முட்டை மூன்று; நன்கு புளித்த கெட்டி மோர் 150 மில்லிலிட்டர்; எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி.

பாதாம் பருப்பை முழுப் பருப்பாக வாங்கி, மிக்ஸியில் விட்டுவிட்டுச் சுற்றிப் பொடிக்கவும். தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய் கசிந்து விழுதாகிவிடும். தேங்காய் மாவை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. தேங்காய்ப்பால் எடுத்தபின் எஞ்சும் சக்கையை வெயிலில் நன்றாக உலர்த்திப் பொடித்துச் சலித்தால் அதுவே தேங்காய் மாவு. பாதாமின் விலை எட்டாத இல்லங்களில் பாதியளவு பாதாமுக்குப் பதிலாக, வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலைப் பொடியைச் சேர்க்கலாம். சுவை சற்று மாறும், பயன் மாறாது. கடலை, கொட்டை வகைகள் ஒவ்வாதவர் வீட்டிலிருப்பின் இதனைச் செய்யவேண்டாம்.

உலர்ந்த பொருள்களை எல்லாம் ஒரு பாத்திரத்தில் இட்டு நன்கு கலக்கவும். சோடா ஓரிடத்தில் திரண்டு நின்றால் அவ்விடம் கசக்கும்; ஆதலால் சலித்துச் சேர்ப்பது நலம். மற்றொரு பாத்திரத்தில் முட்டையை அடித்து, மோரையும் எலுமிச்சைச் சாற்றையும் ஊற்றிக் கலக்கவும். பின்னர் இரண்டையும் ஒன்றாக்கிக் கரண்டியால் கிளறவும். ஐந்து நிமிடம் பொறுத்தால் இசப்கோல் நீரை உறிஞ்சி, மாவு கையில் பிடிக்கும் பதத்துக்கு வரும். கோதுமை மாவில் குளூட்டன் செய்யும் பிணைப்பு வேலையை இங்கே இசப்கோலும் முட்டையும் செய்கின்றன. மிகவும் இறுகியிருந்தால் இரண்டு மேசைக்கரண்டி மோர் கூட்டலாம். அதற்குமேல் காத்திருத்தல் ஆகாது; சோடாவின் வேகம் தணிந்துவிடும்.

ஈரக் கையால் மாவை உருட்டி, இரண்டு அங்குல உயரமுள்ள வட்டமாகத் தட்டி, நெய் தடவிய தட்டில் வைத்து, கத்தியால் ஆழமாகச் சிலுவை கீறவும். மின்சார அடுப்பாயின் 180 பாகை செல்சியஸ் சூட்டில் 45 நிமிடம் வேகவைக்கவும். மின்சார அடுப்பு இல்லாதவர், அடிகனமான இரும்புச் சட்டியில் ஓர் அங்குலம் மணலோ உப்போ பரப்பி, மேலே முக்காலி வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடேற்றியபின் தட்டை உள்ளே வைத்துச் சிறுதீயில் ஏறக்குறைய ஒருமணி நேரம் வேகவிடலாம். நடுவில் குத்திய ஈர்க்குச்சி ஒட்டாமல் வந்தால், அடியைத் தட்டும்போது பொள்ளென்ற ஓசை கேட்டால், வெந்துவிட்டது என்று பொருள்.

சூட்டோடு வெட்டலாகாது. முற்றிலும் ஆறிய பின்னரே உட்பகுதி இறுகும்; அவசரப்பட்டால் பிசுபிசுக்கும். பத்துத் துண்டுகளாக்கினால் ஒரு துண்டில் நார் நீங்கலாக உள்ள மாவுச்சத்து நான்கு கிராம் அளவே. அதே பருமனுள்ள கோதுமை ரொட்டித் துண்டில் இதைப்போல் பன்மடங்கு இருக்கும். கோதுமை ரொட்டியின் பஞ்சுபோன்ற மென்மையை இதில் எதிர்பார்க்க வேண்டாம்; இது கனமானது, ஒரு துண்டே பசியாற்றும். கோழிக்குழம்போடும், தேங்காய்ச் சட்டினியோடும், வெறும் வெண்ணெயோடும் பொருந்தும். சென்னை வெயிலில் ஒரு நாளுக்குமேல் வெளியில் வைக்காமல் குளிர்பெட்டியில் வைத்தால் நான்கு நாள் தாங்கும்.

மாவு மில்லும் பெருங்காயமும்

செய்முறை சரியாக இருந்தும் குழந்தைக்கு நோய் தணியவில்லை என்று வருந்தும் பெற்றோர் உண்டு. காரணம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத கோதுமையே. நம் தெருமுனை மாவு மில்லை எண்ணிப் பாருங்கள். முன்னால் நின்றவர் கோதுமை அரைத்துச் செல்வார்; அதே இயந்திரத்தில் நம் கேழ்வரகு விழும். கல்லிடுக்கில் தங்கிய கோதுமை மாவு நம் பாத்திரத்தில் வந்து சேரும். மற்றவர்க்கு இதனால் கேடில்லை. சீலியாக் நோயுற்ற குழந்தைக்கோ அதுவே போதும் குடலைப் புண்ணாக்க. ஆதலால் அக்குழந்தைக்குரிய மாவை வீட்டு மிக்ஸியிலேயே அரைப்பது நன்று. அந்த ஜாடியையும், சல்லடையையும், ரொட்டிப் பலகையையும் வேறு எதற்கும் பயன்படுத்தலாகாது.

பெருங்காயத்தில் கோதுமை இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ சேர்க்கப்படுகிறது. சாம்பாரும் ரசமும் இவ்வழியே ஆபத்தாகலாம். அரிசிமாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. உறையைப் படித்து வாங்கவேண்டும். வாற்கோதுமை மால்ட் கலந்த சத்துபானங்கள், சேமியா, ரவை, சோயா சாஸ், ஓட்டலின் ரவா தோசை ஆகியவையும் விலக்கத்தக்கவை. ‘குளூட்டன் அற்றது’ என்று அச்சிட்டு விற்க வேண்டுமாயின், ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்குமேல் குளூட்டன் இருத்தலாகாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி.

மருத்துவரைக் கேளாமல் செய்யத்தகாதவை

குழந்தைக்கு இந்நோய் இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், பெற்றோர் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடலாகாது. இரத்தப் பரிசோதனையும் குடல் பரிசோதனையும், கோதுமை உண்டுவரும் காலத்தில் செய்தால்தான் உண்மையைக் காட்டும். முன்னரே நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரக்கூடும். முதலில் பரிசோதனை, பின்னரே விலக்கு.

அவ்வாறே, இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்ளும் சர்க்கரை நோயாளி, திடீரென மாவுச்சத்தைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து மயக்கம் நேரலாம். மருந்தின் அளவை மருத்துவர் மாற்றியமைக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உடையோரும் முன்கூட்டியே கேட்டறிவது கடமை. இசப்கோல் சேர்ந்த உணவை உண்போர் போதிய தண்ணீர் பருகவேண்டும். எக்குறையும் இல்லாதவர், ‘கோதுமையே தீது’ என்று நாகரிகத்துக்காக அதை ஒதுக்குவதற்கு யாதொரு காரணமும் இல்லை.

திருவிருந்தில் இவர்கள் நிலை

கத்தோலிக்கப் பெற்றோரை உறுத்தும் கேள்வி மற்றொன்று உண்டு. கோதுமை ஒவ்வாத பிள்ளை புதுநன்மை வாங்குவது எப்படி? நாம் வீட்டில் செய்யும் இந்த அப்பத்தைப் பீடத்தில் பயன்படுத்தலாமா?

பயன்படுத்த இயலாது. நற்கருணைக்குரிய அப்பம் கோதுமையால் மட்டுமே ஆனதாக இருக்கவேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 924ஆம் சட்டம் கூறுகிறது. குளூட்டன் அறவே நீக்கப்பட்ட அப்பம் செல்லாது. ஆயினும் திருச்சபைத் தாய் இப்பிள்ளைகளை மறந்துவிடவில்லை. அப்பமாக உருப்பெறுவதற்குப் போதிய அளவு குளூட்டனை மட்டும் கொண்ட, குளூட்டன் குறைந்த கோதுமை அப்பம் செல்லும் என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2003ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் எழுதிய மடல் தெளிவுபடுத்தியது. 2017ஆம் ஆண்டில் இறைவழிபாட்டுப் பேராயமும் இதனை நினைவூட்டியது. அத்தகைய அப்பத்தையும் ஏற்க இயலாதவர், திராட்சை இரசத்தின் வடிவில் மட்டும் நற்கருணை உட்கொள்ளலாம். இரசத்தின் வடிவிலும் ஆண்டவர் முழுமையாகவே எழுந்தருளியிருக்கிறார் என்பது நம் விசுவாசம். ஆதலால் இப்பிள்ளை எவ்வகையிலும் குறைவுபட்டதைப் பெறுவதில்லை.

பெற்றோர் செய்யவேண்டியது, புதுநன்மைக்குச் சில மாதங்கள் முன்னரே பங்குத் தந்தையைச் சந்தித்து நிலைமையை எடுத்துரைப்பது. குளூட்டன் குறைந்த அப்பத்தைத் தனிச் சிமிழில் வைக்கவேண்டும். மற்ற அப்பங்களோடு கலந்தால் பயனில்லை. திருப்பலியில் அப்பத்தின் சிறு துண்டு முதன்மைக் கிண்ணத்தில் இடப்படுவதால், இரசம் மட்டும் அருந்துபவருக்குத் தனிக் கிண்ணம் தேவை. இவையாவும் எளிய ஏற்பாடுகள். கேட்கக் கூச்சப்பட்டுப் பிள்ளையைப் பின் இருக்கையில் அமர்த்தி வைப்பதுதான் வருந்தத்தக்கது.

பகிர்வதற்கே அப்பம்

பங்கு விழாக்களிலும் அன்பிய விருந்துகளிலும் இனி ஒன்றை நினைவில் கொள்வோம். அனைவர் கையிலும் கேக்குத் துண்டு இருக்க, ஒரு குழந்தை மட்டும் வெறுங்கையோடு நிற்பதை நாம் காண நேர்ந்தால், அது அக்குழந்தையின் குறையன்று. விருந்து படைத்த நம் குறையே. பாதாமோ வேர்க்கடலையோ சேர்த்து, மேலே சிலுவை கீறிய ஓர் எளிய அப்பம் அந்தத் தட்டில் இருக்குமாயின், தாத்தாவும் பேரனும் அண்டை வீட்டாரும் ஒன்றையே பிட்டு உண்பர். தாய்மார்களே, இம்மாதம் ஒரு ஞாயிறன்று இதனைச் செய்து பாருங்கள். நோயுற்றவருக்கெனத் தனியே சுட்டு ஒதுக்கி வைக்காமல், மேசையின் நடுவில் வையுங்கள். இல்லத்தார் அனைவரும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.